யாழினி பேசிக் காட்டிய மாமன்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் தங்கை சாரதாமணியின் வீட்டு முன்னால் போட்ட பந்தலில் ஆறுமுகசாமி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தங்கை மகள் யாழினிக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவள், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தல்காரரிடம் சண்டை, தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம் சண்டை. துக்கத்தையும் ஓர் அதட்டு அதட்டி ஓரமாக உட்கார வைத்துவிடலாம் என்று நம்புகிற ஆள் அவர்.

வருகிறவர்கள் பேசிய பேச்சைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“எத்தனை அமைதியான புள்ள யாழினி,” என்றார் அவருடைய பல்லடத்துச் சம்பந்தி.

“அமைதியா? அவளா?” ஆறுமுகசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ற மீசைக்கு மையடிச்சு உடறேன்னு ஒரு பக்கம் மட்டும் அடிச்சுப்போட்டு ஓடிட்டா. அந்த மூஞ்சியோட கல்யாண ஊட்டுக்குப் போய்ட்டு வந்தனுங்க. ஒருத்தரும் சொல்லுலீங்க!”

சம்பந்தி துண்டால் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாகஜோதி வந்தாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். யாழினியோடு கம்பெனியில் துணி செக்கிங்கில் வேலை பார்த்தவள். சாரதாமணியைக் கட்டிக்கொண்டு அழுதவள், ஆறுமுகசாமி யாரையோ அதட்டும் குரலைக் கேட்டதும் திடுக்கென்று நிமிர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னம்மணி?” என்றார் அவர்.

“தப்பா நினைக்காதீக அய்யா. யாழினி டீ டைம்ல ஒங்கள மாதிரியே பேசிக் காட்டுவா. எங்களுக்கு வயிறு வலிச்சிரும்.”

திங்கட்கிழமையிலிருந்து வாயே திறக்காத சாரதாமணி, “எப்படின்னு காட்டு கண்ணு,” என்றாள்.

நாகஜோதி தயங்கி அவரைப் பார்த்தாள்.

“காட்டம்மணி. நானும் பாக்கறேன்.”

அவள் இல்லாத மீசையை நீவி, இல்லாத போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். “ஏனுங்க! கேக்குதுங்களா? ஆறுமுகசாமி பேசறனுங்க! செரிங்க, வெச்சரட்டுங்களா? அப்பறம் அங்க மழைங்களா? செரிங்க, வெச்சரட்டுங்களா? அப்பறம்…”

சாரதாமணிதான் முதலில் சிரித்தாள். “அண்ணா, அப்படியே நீங்கதானுங்க!”

“நான் எப்ப அப்படிப் பேசுனேன்?” என்று கத்தினார் ஆறுமுகசாமி. அதே குரல். பந்தலே சிரித்துக் குலுங்கியது.

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தோள் குலுங்கியது. சிரிப்பு நின்ற பிறகும் குலுங்கிக்கொண்டே இருந்தது. துண்டை முகத்தில் அப்பிக்கொண்டு, “கழுதை, மாமனை வித்தே தின்னிருக்கிறா,” என்று வாய்விட்டு அழுதார்.

அந்நேரம் தூரத்துச் சொந்தமான குண்டடத்துக் கதிர்வேல் மாலையோடு வந்தார். சிரிப்பும் அழுகையும் கலந்து கேட்கவும், ஊடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாங்கண்ணா,” என்று கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள் சாரதாமணி. நாகஜோதி பக்கம் திரும்பி, “இன்னொருக்காச் செய்யி கண்ணு,” என்றாள். “இவரு கேக்குல.”