பைலட் புஷ்

கடைசி போல்ட்டையும் கழற்றியாகிவிட்டது. கியர்பாக்ஸ் இன்ஜினை விட்டு வரவில்லை. மகள் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, இடுக்கில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள். பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

செத்த வீட்டில் மகள் வேனுக்கு அடியில் கிடக்கலாமா என்று கூடத்தில் ஒரு சின்ன விவாதமே நடந்தது. முகம் காட்ட முடியாமல் ஒளிந்திருக்கிறாள் என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வதும் அவர்தான்: அண்ணன் வேனுக்கு முன்னால் குனிந்து நின்றார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், கிளட்சை மிதித்திருந்த பெண்ணின் கால் வழுக்கிவிட்டது, வேன் பாய்ந்து அவரைச் சுவரோடு நசுக்கிவிட்டது. நேற்று அது நடந்தபோது சித்தப்பா ஊரிலேயே இல்லை. அதனால் கதையில் தடுமாற்றமே இல்லை.

அம்மா ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து மகள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கால் வழுக்கவில்லை. வேன் சுவரில் முட்டி நின்ற பிறகும் அந்த இடது கால் கிளட்சைக் கடைசி வரை மிதித்தபடியேதான் இருந்தது. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்பாவுக்குப் பட்டப்பெயரே மைக்ரோமீட்டர். நுண்ணிய கனத்தையும் அளக்கிற அந்தக் கருவியை அவர் தொட்டதே கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும் அவருக்கு.

இன்ஜின் ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து கழற்றியது. கியர்பாக்ஸ் கையால் கியர் போடுகிற வகை. இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் இன்ஜின் முனையிலிருக்கும் குழியில் மோதிரம் போல ஒரு வெண்கல வளையம் இறக்க வேண்டும். பைலட் புஷ். கியர்பாக்ஸ் தண்டின் நுனி அதற்குள் தாராளமாகச் சுற்ற வேண்டும். இறுகிவிட்டால் கிளட்சை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. இன்ஜின் தண்டையும் சேர்த்துச் சுழற்றும், வண்டி கிளம்பிவிடும்.

கடைசல்காரர் கடைந்து கொடுத்த புஷ்ஷை நேற்று அப்பா தண்டின் நுனியில் மாட்டி, விரலால் சுண்டினார். அழகாகச் சுற்றியது. பிறகு குழியில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். அடித்து இறக்கிய புஷ் மயிரிழை சுருங்கும். மறுபடி அளந்து, துளையைத் தேய்த்துப் பெரிதாக்க வேண்டும்.

"ஒரு தடவ அளந்துடலாம்பா."

"எனக்கே அளவு சொல்றியா?"

கியர்பாக்ஸ் கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுத்தது. அப்பாவை மறுத்து எதுவும் அந்தப் பட்டறையில் நின்றதில்லை. நான்கு போல்ட்டையும் மாட்டி, முறுக்கியே இழுத்துவிட்டார். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்று, கிளட்சை மிதித்து முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

இப்போது கியர்பாக்ஸ் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. குழியில் இருக்க வேண்டிய புஷ், தண்டின் நுனியைக் கவ்விக்கொண்டே வெளியே வந்திருந்தது.

பட்டறை வாசலில் அம்மா நின்றாள். "தூக்கப் போறாங்க. வா." சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இது சுத்தணும்மா. சுத்திப் பாரு."

அம்மா குந்தி உட்கார்ந்து வளையத்தைப் பிடித்துத் திருகினாள். விரல் வெளுத்தது. அது அசையவில்லை.

"யாரு போட்டது?"

"அப்பா."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன்."

அம்மா வளையத்திலிருந்து கையை எடுத்தாள். "சொல்லியிருப்ப," என்றாள். "அவரு என்னைக்குக் கேட்டாரு."

கூடத்தில் மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் நான்கு பக்க இரங்கலில் இரண்டாவது பக்கத்தில் இருந்தார். இறந்தவரை இரண்டு முறை சந்தித்தவர் அவர். இரண்டாவது முறை இன்று. அன்னாரின் கை தவறியதே இல்லை, அந்த விரல்கள் ஒரு பல்கலைக்கழகம் என்று வாசித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சித்தப்பா, புதிதாக வந்த ஒருவருக்குக் கால் வழுக்கிய இடத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

மகளையும் அழைத்துக்கொண்டு அம்மா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இவ கால் வழுக்கல. அவரு மாட்டுனது இறுகிப்போச்சு. இவ அளக்கச் சொல்லியிருக்கா."

சித்தப்பாவுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ இருந்தது. தலைவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று முடித்துவிட்டார். அன்றைக்கு அவர் செய்த ஒரே உபகாரம்.

பாடையைத் தூக்குவதற்கு மூன்று ஆண்கள் மூலைக்கொருவராகக் குனிந்தார்கள். நாலாவது மூலைக்குச் சித்தப்பா வருவதற்குள் மகள் பிடித்துவிட்டாள். கிரீஸ் படிந்த கையைக் கழுவ யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில், அப்பாவின் கால்மாட்டில், நான்கு விரல்கள் கருப்பாகப் பதிந்தன.

அம்மா அதைப் பார்த்தாள். துணியை மாற்றச் சொல்லவில்லை.