ஆற்றங்கரையில் பொன்னாடை

திலகா மலாக்காவில் தெங்கேரா வட்டாரத்தில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். ஐம்பது வயதுக்குள் அவள் நன்றாகப் பார்த்த ஆறு, சிமெண்டுக் கரைக்குள் ஓடும் மலாக்கா ஆறு ஒன்றுதான். அவள் குடியிருக்கும் பாயா ரும்புட் பகுதியின் குடியிருப்போர் சங்கம் மலையிடுக்கில் ஆறு ஓடும் ஒரு பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு பஸ் விடுகிறது என்றதும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் ஒருமுறை காலை நனைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. முதலில் பெயர் கொடுத்த குற்றத்துக்காக நன்றியுரையும் அவள் தலையில் விழுந்தது.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேலே மழை பெய்தால் வெள்ளம் திடீரென்று இறங்கும், பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும் என்று வனக்காவலர் அஸ்மான் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டு மணி நேரம் தாராளம். ஆனால் சங்கத் தலைவர் தனபாலன் மைக் இல்லாமல் மூச்சு விடத் தெரியாதவர். பஸ்சிலிருந்து பேனர் இறங்கியது, ஒலிபெருக்கி இறங்கியது, குத்துவிளக்கும் இறங்கியது.

"சின்ன ஃபங்ஷன்தான்லா. பத்து நிமிசம்," என்றார்.

காட்டில் நெருப்பு கூடாது என்று அஸ்மான் தடுத்ததால், விளக்கை ஏற்றாமலே ஏற்றியதாக அறிவித்தார்கள். வரவேற்புரை முடிந்து அஸ்மானுக்குப் பொன்னாடை. பஸ் டிரைவருக்குப் பொன்னாடை. துணைத்தலைவர் முனுசாமியின் முகம் சுருங்கியதும் அவருக்கும் ஒன்று. பிறகு தலைவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இயற்கையைக் கண்ணால் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும் என்று ஒரு மணி நேரம் பேசினார். திலகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மைக் அவள் கைக்கு வந்தது.

"எல்லாருக்கும் நன்றி. நான் ஆத்துக்குப் போறேன்."

மைக்கைத் தலைவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாக்கியலட்சுமி அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தாள்.

தண்ணீர் கணுக்காலில் சில்லென்று ஏறியது. இரண்டு பக்கமும் பாறை, நடுவே ஒரு கீற்று வானம். சந்தோஷத்தில் திலகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்து, ஆற்றைத் திறந்து வைக்கும் நிகழ்ச்சி! ரிப்பன் இன்னும் வெட்டல, சகோதரி திலகா தயவுசெய்து தண்ணியிலேர்ந்து வெளிய வரவும்!"

திலகா இன்னும் ஓர் அடி உள்ளே போய் நின்றாள்.