அடுத்த அறைக்குச் சொல்ல வேண்டியது

பத்து நாற்பது வண்டி கிளம்பப் போகிறது என்று சொல்வதற்காக மைக்கின் பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தார் அறிவிப்பாளர். காற்றுதான் வந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நிற்க, வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த பஸ் நிலையத்தையே மேய்த்த குரல் அது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே எல்லாம் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி, வேறொரு முகவரியை எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்லி, அவரைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்காரவைத்தது.

அந்த முகவரியில், 'கெஸ்டால்ட் முறை உளச்சிகிச்சை' என்று பலகை தொங்கியது. கெஸ்டால்ட் என்பது யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். இருந்தது ஒரு பெண், தலை பாதி நரைத்தவள். அது ஆள் பெயர் இல்லை, முழு வடிவம் என்று அர்த்தம் என்றாள். அவர் கிசுகிசுத்த குரலில் கதையைச் சொன்னார். அம்மா போனபின் அக்காதான் வளர்த்தாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அவரோடுதான் இருக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன் வீடு மாறும்போது அக்காவின் பழைய கட்டிலை அவர் மனைவி கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே அடுப்பு, ஒரே குழாய், நடுவில் இவர்.

"அது அப்போ நடந்தது. இப்ப உங்க கை என்ன பண்ணுது?" என்றாள் சிகிச்சை செய்பவள்.

கை கழுத்தில் இருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

"கழுத்து இறுகுதுங்க."

"யாரு இறுக்குறா? 'நான் இறுக்குறேன்'னு சொல்லிப் பாருங்க."

இதற்கா அரைநாள் விடுப்பு போட்டோம் என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் சொன்னார். அவள் எழுந்து இரண்டு காலி நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து அக்காவாகப் பேசச் சொன்னாள். கூச்சத்தோடு உட்கார்ந்தவர் முந்தானையை இழுத்துச் செருகுவதுபோல் கையை அசைத்தார்.

"தம்பி, ராத்திரி ஒரு மணி வரைக்கும் டிவி ஓடினா மனுஷி எப்படித் தூங்குறதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட கேளு."

கணீரென்று வந்தது குரல். அவரே திடுக்கிட்டார். அவள் அடுத்த நாற்காலியைக் காட்டி, மனைவியாகப் பேசச் சொன்னாள். "காது அவ்வளவு கூர்மையா இருக்கிறவங்களுக்கு மோட்டார் ஓடுறது மட்டும் கேக்காதான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க." அதுவும் கணீரென்றுதான் வந்தது. பதினோரு வருடப் பாடம், ஒரு எழுத்து பிசகவில்லை.

"இப்ப உங்க இடத்துல உட்கார்ந்து நீங்க பேசுங்க."

தன் நாற்காலிக்கு வந்தார். வாயைத் திறந்தார். காற்று.

"நான் என்னதான் சொல்லணும்?" என்று கிசுகிசுத்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமலா பலகை மாட்டியிருக்கீங்க?"

அவள் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியது. "அலுத்துப்போச்சு" என்றார் கடைசியில்.

"யாருக்கு?"

"நான்... நான் அலுத்துப்போயிட்டேன்." பாதி சத்தம், பாதி காற்று. அழவேண்டும்போல் இருந்தது. அதற்கும் தெம்பில்லை.

வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே, "தொட்டி வழிஞ்சு மாடியெல்லாம் ஆறா ஓடுது, கண்ணு எங்க இருந்துதுன்னு உங்க அக்காவைக் கேளுங்க" என்றாள் மனைவி.

"நான் கேக்க மாட்டேன்."

கையில் கரண்டியோடு அவள் நின்றுவிட்டாள். உள்ளறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "குரல் வந்துடுச்சாடா தம்பி?"

"ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். இனிமே இங்கேருந்து அங்க நான் எதையும் எடுத்துட்டுப் போக மாட்டேன்."

அக்காவின் முகம் அப்படியே வாடிப்போனது. வளர்த்த கணக்கை எடுப்பாள் என்று காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அடுத்து வந்த நாட்களில் வீடு ஊமையானது. ஒருத்தி உப்புப் போட்டது இன்னொருத்திக்குத் தெரியாமல் குழம்பில் உப்பு இருமடங்கானது. மூன்று பேரும் வாயைத் திறக்காமல் அதைத் தின்றார்கள். தொலைந்த பொருட்கள் அறையில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் சீட்டு ஒட்டும்போது, குடும்பத்தை உடைத்துவிட்டோமோ என்று அவருக்குப் பயமாகவே இருந்தது. குரல் ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை.

வார விடுமுறையன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தார். பின்கட்டுக் கொடியில் இரட்டைக் கட்டில் போர்வை தொங்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அக்கா ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த கனத்தில் அது தரையை நோக்கிச் சரிந்தது. மனைவி ஒரு கணம் நின்றாள், பிறகு மறுமுனையை எட்டிப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள், தண்ணீர் கொட்டியது. அக்காவின் வாய் அசைந்தது. மனைவியின் வாயும் அசைந்தது. தகரக்கூரையில் மழை அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.