ஐந்தாம் கிணற்றுக்கு வராத சூடு

நிலத்தடியில் சூடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்க, முதல் ஆழ்துளைக் கிணற்றில் சுடுதண்ணீரை இறக்கி அன்றோடு பத்தொன்பது நாள். கூடவே கலந்துவிட்ட சாயம் நான்காம் நாளே ஐந்தாம் கிணற்றில் தலைகாட்டிவிட்டது. சூடு மட்டும் வந்தபாடில்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிவிடும். சூடு வழியிலுள்ள மண்ணுக்கும் கல்லுக்கும் தன்னைக் கொடுத்துக் கொடுத்துத்தான் வரும். பன்னிரண்டு நாளில் வரும் என்று கணக்குப் போட்டவன், அந்தச் சோதனையை நடத்திய அவன்தான். எந்நேரமும் டிகிரி பேச்சுதான் என்பதால் வேலையிடத்தில் அவன் பெயர் காய்ச்சல்.

அன்று மூன்று மணிக்குக் கருவுற்றிருந்த மனைவிக்கு ஸ்கேன். ஏற்கெனவே இரண்டு தடவை அந்த அறையிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தவள். இந்தத் தடவை கூடவே இருப்பதாகச் சொல்லியிருந்தான்.

இரண்டு மணிக்குக் கிளம்பும் முன், நுனியில் வெப்பமானி உள்ள கேபிளை ஐந்தாம் கிணற்றில் இறக்கிக் கடைசியாக ஒரு அளவு எடுத்தான். நேற்றையதைவிட அரை டிகிரி அதிகம்.

"அண்ணே, வந்துடுச்சு."

பம்ப் ஓட்டும் மோட்டார் அண்ணன் சிரித்தார். "கிணத்துக்கே காய்ச்சல் வரவெச்சுட்டியே. சரி, நீ கிளம்பு. தங்கச்சி காத்துட்டிருக்கும். நான் பாத்துக்கறேன்."

"ரெண்டே ரெண்டு அளவுண்ணே. ஏறுறத நானே எழுதிட்டுப் போயிடறேன்."

மனைவிக்குப் போன் செய்தான். "கூப்பிட்டா நீ உள்ள போயிரு. அரை மணி லேட்டா வந்துடறேன்."

"உங்க அரை மணி எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "சரி, சீக்கிரம் வாங்க. பயமா இருக்கு."

இரண்டரைக்கு எண் இறங்கியது. மூன்றுக்கு இன்னும் இறங்கியது. நிலத்தடியில் வந்த சூடு ஏறத்தான் செய்யும், இப்படி இறங்காது. மூன்றரைக்கு நேற்றைய எண்ணே திரும்ப வந்து நின்றது.

மோட்டார் அண்ணன் கிணற்றோரத் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "சாப்பிடப் போறப்ப கேபிளை இங்கயா சுருட்டி வெச்ச? வெயில்லயா?"

கேபிளை நிழலில் வை, இறக்கிய பின் நன்றாக ஆறவிட்டு அப்புறம் அளவு எடு என்று புதிதாக வருகிறவர்களைத் திட்டித் திட்டிப் பழக்கியவனே அவன்தான்.

போன் அடித்தது.

"துடிப்பு இல்லையாம்," என்றாள். அழவில்லை. பிறகு, "உங்க சூடு வந்துச்சா?"

"வரல."

"சரி. நான் வீட்டுக்குப் போயிக்கறேன்."

நோட்டில் அந்த மூன்று வரிகளையும் அடித்து, பக்கத்தில் 'வெயில்' என்று எழுதினான். ஐந்து மணிக்கு எடுக்கும் அளவுக்கு அவன் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது என்று தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் மோட்டார் அண்ணன் போனில் கூப்பிட்டார். சூடு வந்துவிட்டது; ஆறு அளவு எடுத்தாயிற்று, ஆறும் ஏறுமுகம். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்தச் சின்ன அறையில் அண்ணனின் குரல் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"போயிட்டு வாங்க," என்றாள். "இங்க எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தான். அவள் திரும்பவும் இல்லை.