மாடிக்கு ஏறிய புதுச் செங்கல்

ஊரில் பாதியை இடித்துக்கொண்டும் மீதியைக் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். இடித்ததெல்லாம் லாரி லாரியாக வந்து கொட்டும் யார்டுக்கு மேலாளராக ஒருவர் இருந்தார். கம்பியையும் மரத்தையும் பிரித்தெடுத்து, கான்கிரீட்டை அரைத்து மணலாக்கி, அதிலேயே சுவர்க்கல் வார்க்கிற இடம் அது. யார் பார்க்க வந்தாலும் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டி, "இது குப்பை இல்லீங்க, சரக்கு!" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் முடிப்பதற்குள் வந்தவரின் டீ ஆறிப்போய்விடும். ஆட்கள் அவருக்குப் பிரசங்கி என்று பேர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பிரசங்கத்தை வரிக்கு வரி நம்பியவள் பெல்ட்டுக்காரி. ஓடுகிற பெல்ட்டின் ஓரம் நின்று, இடிபாட்டில் கலந்து வரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது அவள் வேலை. சொந்த வீடு கட்டியபோது, புருஷன் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் யார்டுக் கல்லையே வாங்கினாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

இந்த வருஷம் பிரசங்கி தன் வீட்டு மாடியில் மகளுக்கு ஓர் அறை கட்டத் தொடங்கினார். மனைவியின் அண்ணன் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ள, எவனோ வாழ்ந்து கெட்ட வீட்டு இடிபாட்டை உங்க தலைமேல ஏத்திக்கப் போறீங்களா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?"

ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசியவர், மச்சான் முன்னாலேயே செங்கல் சூளைக்குப் போன் போட்டார். சூளையிலிருந்து புதுச் செங்கல் வந்து இறங்கியது. யார்டில் அவர் மூச்சுவிடவில்லை.

காய்ச்சலென்று அவர் வீட்டில் இருந்த ஒரு நாள், குடோன் சாவி வாங்க பெல்ட்டுக்காரி வந்தாள். வாசலில் அடுக்கியிருந்த செங்கலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னண்ணே, நம்ம கல்லு போடலியா?"

"அது... நம்மகிட்ட ஸ்டாக் இல்லம்மா."

யார்டில் மதில் உயரத்துக்குக் கல் அடுக்கிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அரவை மிஷின்காரர்தான் பிரசங்கியிடம் விஷயத்தைச் சொன்னார். "கல்லுல ஏதோ கோளாறாம் சார். அதான் நீங்களே வாங்கலையாம். அந்தப் பொண்ணு குடும்பமே வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிய கிடக்குறாங்க."

பிரசங்கி அப்படியே அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே கட்டில், அடுப்பு, பாடம் எழுதும் பிள்ளைகள். உள்ளே அவள் புருஷன் கல்லைப் பார்க்க, கொத்தனார் கரண்டியால் சுவரின் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"கல்லுல ஒரு குறையும் இல்லம்மா. குறை என்கிட்டதான்" என்றார். "வீட்டுல கேலி பண்ணுவாங்கன்னு பயந்துட்டேன்."

"அப்ப ஸ்டாக் இல்லேன்னு ஏண்ணே சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உண்மையைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

புருஷன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பேச்சை நம்பித்தானே கட்டுனோம். இனி கண்ணால பாக்கணும் சார்."

வீடு கட்டி மிஞ்சிய கற்கள் பின்பக்கம் கிடந்தன. அதில் ஒன்றைப் புருஷனே பொறுக்கி எடுத்தான். யார்டின் சோதனை அறையில், எல்லோரும் பார்க்க, அதை அழுத்தும் மிஷினில் வைத்தார்கள். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏறப் பிரசங்கிக்கு வியர்த்தது. வேண்டிய அளவைத் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் கல் வெடித்தது. ஆட்கள் கல்லைப் பார்த்தார்கள். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வழக்கமான கிண்டல்கூட வரவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

அன்று மாலையே பெல்ட்டுக்காரி வீட்டுக்குள் திரும்பினாள். கட்டிலின் ஒரு முனையை அவரும் பிடித்தார். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. உள்ளே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். எதிரே, பூச்சு போன இடத்தில் சாம்பல் நிறக் கல் தெரிந்தது.

"உங்க மாடி முடிஞ்சிருச்சா சார்?" என்று புருஷன் கேட்டான். அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை.

"ம்... செங்கல்லயே சுவர் எழுப்பி, தளம் போட்டாச்சு."

நாற்காலியில் உட்காராமல், கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.