பச்சை எஞ்சின்

காலையில் கீழே இறங்கியபோது கூட்டாளியின் காருக்குள் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "தினமும் குளிர்ல நீங்க எதுக்குண்ணே இறங்கணும், இனிமே நான் பாத்துக்கறேன்" என்று நேற்று சாயங்காலம் அவளாக வந்து சாவியை வாங்கிப் போயிருந்தாள். மறுக்க எனக்கு வழி இருக்கவில்லை.

நேற்றுவரை அது என் வேலை. நானும் கூட்டாளியும் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்குகிறோம், அடுத்தடுத்த அறை, வேலைக்குப் போவது அவன் காரில். அவன் பல் தேய்ப்பதற்குள் நான் இறங்கி, கியர் 'பி'யில் இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்வேன். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டி ஏறி நிற்கும் முள் தானாக இறங்கி, சத்தம் தணியும்வரை சும்மா இருப்பேன். பிறகு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்வேன். அவன் வந்து, "வெந்துருச்சாடா?" என்பான், ஏதோ நான் உலை வைத்தது மாதிரி. அவள் ஊரிலிருந்து வந்து எங்களோடு காரில் ஏறத் தொடங்கியபின் எனக்குப் பின்சீட்டு. இப்போது ஸ்டார்ட் செய்கிற வேலையும் போயிற்று.

முன்கண்ணாடி முழுக்கப் பனி. கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குளிர் உயிரை எடுக்குதுண்ணே. இருங்க, சீக்கிரம் சூடாக்கிடறேன்."

ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் அலறியது. குளிர்ந்த எஞ்சினை அப்படி முறுக்கினால் தேய்ந்துபோகும். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவன் காதில் விழட்டும். மறுபடி மிதித்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மேலே ஜன்னல் திறந்தது.

"டேய் தடியா, என்னடா இந்த முறுக்கு முறுக்குற? பச்சை எஞ்சினைக் கொல்லப் போறியா?"

எஞ்சின் ஓடினால் உள்ளே இருப்பது நான்தான் என்று அவனுக்குப் பழக்கம். அவள் வெடுக்கென்று காலை எடுத்து, பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் தலையை வெளியே நீட்டினேன்.

"கால் வழுக்கிடுச்சுடா."

"மூளையும் சேர்ந்து வழுக்கிடுச்சா? இரு, வர்றேன்."

ஜன்னல் மூடியது. அவன் என்னை இப்படித் திட்டி எத்தனை நாளாயிற்று.

"என்கிட்ட ஒரு தடவைகூட இப்படிப் பேசினதில்ல," என்றாள் அவள், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "வாங்க, உக்காருங்கன்னுதான். விருந்தாளிகிட்ட பேசற மாதிரி."



"சும்மா விட்டுடும்மா," என்றேன். "அதுவா சூடாகும்."

முள் மெல்ல இறங்கியது. கண்ணாடியில் பனி உள்ளங்கை அகலத்துக்குக் கரைந்தது. அதன் வழியே அவன் படியிறங்கி வருவது தெரிந்தது. அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் அசையவில்லை.