அங்கன்னா எங்க?

“அங்க! அங்க பாரு!” என்று படகின் முன்முனையிலிருந்து கணவர் கத்தினார்.

சுக்கானைப் பிடித்திருந்தவளுக்கு அவர் கையும் தெரியவில்லை, கை காட்டிய இடமும் தெரியவில்லை. நிலா இல்லாத இருட்டு.

“அங்கன்னா எங்கங்க? இடமா, வலமா?”

“எனக்கு நேரா!”

“நீங்க எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்கன்னு நான் எப்படிக் கண்டேன்?”

அதற்குள் ஒரு கிளை படகின் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று.

“அதைத்தான் சொன்னேன்,” என்றார் அவர், திருப்தியாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியம் காற்று நின்று போனதில் பொழுதோடு கரை சேர முடியவில்லை. இஞ்சின் சாயங்காலமே மூச்சை விட்டுவிட்டது. இருட்டிய பிறகுதான் காற்று திரும்பி வந்து பாய் விரித்திருந்தார்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்களெல்லாம் முகத்துவாரம் தாண்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்தன. இவர்களுடையதோ பலகைப் படகு. அடிமரம் ஒன்று நேராக மோதினால் போதும், இருவரும் தண்ணீரில்தான். கரை வரை நீந்த அவளுக்குத் தெம்பில்லை. அவருக்கு நீச்சலே அரைகுறை. இதற்குப் பயந்துதான் மகள் இருட்டில் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் சூடானதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். வந்த நாளிலிருந்து அவர் அதைக் கீழே வைக்கவில்லை. வீட்டில் பிரிட்ஜைக்கூட அதன் வழியாகப் பார்த்தார்.

காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியார். சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் ‘அங்க’, ‘அதுல’, ‘அந்தப் பக்கம்’. தன் கண் பார்த்தது அவள் கண்ணுக்கும் தானாகவே வந்துசேர்ந்துவிடும் என்று நம்புகிறார். அது அன்பா, சோம்பேறித்தனமா என்று அவளால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

“அங்க! இன்னொண்ணு!”

“தயவுசெஞ்சு வாயை மூடுங்க! நானே பாத்துக்கறேன்!”

மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பாயில் காற்று சீராக நிறைந்தது. பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. முன்னால் ஒன்றுமில்லை என்பதால் பேசாமல் இருக்கிறாரா, கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா? சோபா வாங்கிய விஷயத்தில் மூன்று நாள் உம்மென்று இருந்த மனுஷர். இவர் ரோஷத்தை நம்பி எப்படிப் படகு ஓட்டுவது?

“ஏங்க.”

குரலை உயர்த்தினாள்.

“ஏங்க, முன்னால மரம் ஒண்ணும் இல்லையே?”

“நீதான் பாத்துக்கறேன்னியே.”

“அட கடவுளே! வாங்க இப்படி. நீங்க சுக்கானைப் பிடிங்க. அதை இங்க குடுங்க.”

இருட்டில் தடுமாறி இடம் மாறினார்கள். கருவியின் கண்ணாடி அவர் முகத்துச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் விரிந்தது. அலைகள் துணி மடிப்புகளைப்போல நகர்ந்தன. அவளுக்கு எரிச்சலையும் மீறி ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நேரம் இதையா பார்த்துக்கொண்டிருந்தார்?

தூரத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். தூங்கும் பறவைகள். அலை ஏறி இறங்கியும் அவை சேர்ந்தேதான் அசைந்தன. எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று புரிந்த கணத்தில், இடம், வலம் எல்லாமே அவள் தலையிலிருந்து கழன்று விழுந்தன. வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

“ஐயோ, ஐயோ!”

“எங்கடீ?” என்று அலறியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிவிட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு தயங்கி, நின்றது.

மரம் கைக்கெட்டும் தூரத்தில் மெல்லக் கடந்தது. முந்தையவற்றைப்போல வெயில் சூட்டோடு மேலே மிதக்காமல், தண்ணீரின் குளிரிலேயே ஊறிக் கிடந்ததால் கருவியில் அது தெரியவே இல்லை. இரண்டு பறவைகள் மட்டும் ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்து போவதுபோல இருந்தது. ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி சிறகுக்குள் செருகிக்கொண்டது.

பொட்டுகள் சிறுத்துக்கொண்டே போயின. அவள் முன்பக்கம் திரும்ப மறந்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.